இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை

அத்தியாயம் 14

பத்மஜாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும். பயம் வந்தால் சமையல் பெருகும். அன்று ஆடி வெள்ளி என்பது ஒரு சாக்கு. வீட்டில் இருப்பது மூன்று பேர். காலை எட்டரை மணிக்குள் பாயசம், வடை, எலுமிச்சம்பழ சாதம், சேப்பங்கிழங்கு ரோஸ்ட் எல்லாம் ஆகி, போதாததற்குப் பூசணிக்காய் மோர்க்குழம்பும் அடுப்பேறியிருந்தது. அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

பயத்துக்குக் காரணம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தது.

அவள் கணவர் அனந்தகிருஷ்ணன் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பனியனும் வேஷ்டியுமாக லேப்டாப்புக்கு முன்னால் குனிந்திருந்தார். பக்கத்தில் ஒரு நீள நோட்டு, பச்சைப் பென்சில், பூதக்கண்ணாடி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு பொத்தானைத் தட்டுவார், திரையைப் பார்ப்பார், "ம்" என்பார். ஆறு நாளாக இதே வேலை. வெளியே லேக் கார்டன்ஸ் தெருவில் முழங்கால் தண்ணீரில் ரிக்‌ஷா போவதைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் பத்திரிகை கைக்கு வராதவர்கள் இருப்பீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுப் பெண் மேக்னா, பெஹாலாவில் வளர்ந்த பிரிட்டோவை அலிப்பூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பிரிட்டோவின் அப்பா தூத்துக்குடிக்காரர், துறைமுக வேலையில் வந்தவர். அன்று அனந்தகிருஷ்ணன் இதே ஹாலில் நின்று, "அவ காசு ஒரு நயாபைசா இந்த வாசப்படி ஏறப்படாது" என்றார். சொன்னதோடு சரி, அப்புறம் பெண்ணின் பெயரையே எடுக்கவில்லை. அவர்கள் ராட்டர்டாம் போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டு வருஷம் முன்பு அவருடைய இடது கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். ஊசியின் விலையைக் கேட்டால் நல்ல கண்ணும் மங்கிவிடும். பென்ஷனில் கட்டுப்படியாகாது. மகன் அஷ்வத்தின் சம்பளத்தில் பாதியை இந்த ஃபிளாட்டின் கடன் தின்கிறது. மேக்னாதான் பணம் அனுப்புகிறாள். அனந்தகிருஷ்ணனிடம் சொல்லி வைத்திருப்பது, அஷ்வத் கம்பெனி இன்ஷூரன்ஸ் என்று.

பாங்கில் அனுப்ப முடியாது. அஷ்வத் காலேஜ் சேர்ந்தபோது திறந்த கணக்கில் அப்பா பெயரும் சேர்ந்திருக்கிறது, மாதா மாதம் பச்சைப் பென்சிலோடு ஸ்டேட்மெண்ட் படிப்பார். அதனால் அஷ்வத் ஒரு வழி சொன்னான். கிரிப்டோ. டாலருக்குச் சமமான காயினை அக்கா தன் வாலெட்டிலிருந்து அனுப்புவாள், இவன் அதை இங்கே விற்றுக் கையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வான். எங்கேயும் பெயர் வராது.

பெயர் வரவில்லைதான். வரி வந்தது. காயின் விற்றபோது பிடித்த ஒரு சதவீத வரி, அஷ்வத்தின் வருமான வரிக் கணக்கை இந்த வருஷம் முதல்முறையாக அப்பா தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் வரிசையாக நின்றது. "வெளிநாட்டு கிளையண்ட் ஒருத்தன், பார்ட் டைம் வேலைக்குக் குடுக்கறான்" என்று அஷ்வத் சமாளித்தான். "வவுச்சர்?" என்றார் அப்பா. அவன், காயின் வந்து சேரும் கணக்கு எண் போன்ற தன் வாலெட் விலாசத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். நாற்பத்திரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கந்தரகோளம், அதை வைத்து இந்தக் கிழவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தான். இந்தக் கிழவர் என்னென்ன செய்வார் என்பது அவர் காலத்து அதிகாரிகளுக்குத் தெரியும்.

பத்மஜாவுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஊசி செவ்வாய்க்கிழமை. பணம் மேக்னாவுடையது என்று தெரிந்தால் மனுஷர் போக மாட்டார். ஒரு ஊசி தவறினால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அவர் பிடிவாதத்தை நம்பி ஒரு கண்ணை ஒப்படைக்க அவள் தயாராக இல்லை.

அஷ்வத் ஆபீஸுக்குக் கிளம்பி, டிபன் பாக்ஸ் வாங்கும் சாக்கில் சமையலறைக்குள் வந்தான்.

"எங்க நிக்கறார்?" என்றாள் குழம்பைக் கிளறிக்கொண்டே.

"இருபத்தேழுல."

"அப்படின்னா?"

"நேத்து சாயங்காலம் கேக்கறார், எந்தக் கிளையண்ட்டா இருபத்தேழு நாளைக்கு ஒருதரம் சம்பளம் குடுக்கறான்னு. நான், அங்கெல்லாம் அப்படித்தான்னு சொன்னேன்."

"நம்பினாரா?"

"நோட்டுல எழுதிண்டார்."

எழுதிக்கொண்டால் நம்பவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். பத்மஜா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"பேரே தெரியாதுன்னு சத்தியம் பண்ணினியேடா."

"பேர் தெரியாதும்மா. மத்ததெல்லாம் தெரியும். என்னிக்கு, எத்தனை மணிக்கு, எந்த விலாசத்துலேர்ந்து எந்த விலாசத்துக்கு, எவ்வளவு. உலகத்துல யார் வேணா பாக்கலாம். அதுக்குன்னே ஒரு சைட் இருக்கு."

"இத நீ அப்பவே சொல்லியிருக்கணும்."

"யார் பாக்கப் போறான்னு நினைச்சேன்." அவன் வடை ஒன்றை எடுத்தான். "அதுவும் நூத்தம்பத்தொண்ணு. எந்த வெள்ளைக்காரன் நூத்தம்பத்தொண்ணு டாலர் குடுப்பான்? அந்த ஒண்ணுலயே பாதி மாட்டிண்டோம்."

 அந்த ஒன்று பத்மஜாவுடையது. இருபத்தேழும் அவளுடையதுதான். முதல் தடவை மேக்னா, "என்னிக்கும்மா அனுப்பட்டும்?" என்று கேட்டபோது இவள் வாய் சும்மா இருந்ததா? "அப்பா கண்ணுக்கு அனுப்பற பணம், அப்பா நட்சத்திரத்தன்னிக்கு அனுப்பு, நன்னா இருக்கும். முழுசா நூத்தம்பதுன்னு அனுப்பாதே, ஒண்ணு சேத்து அனுப்பு" என்றாள். அந்தப் பெண்ணும் ஹாலந்தில் உட்கார்ந்துகொண்டு அனுஷம் பார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. வாசலில் பெயர்ப் பலகையை எடுத்துவிட்டு ஜன்னலையெல்லாம் திறந்து போட்ட மாதிரி ஆயிற்று.

"இனிமே வேற விலாசத்துலேர்ந்து அனுப்பச் சொல்றேன்," என்றான் அஷ்வத். "பழசு பழசுதான்."

"பழச அழிச்சுடேன்."

"அழிக்க முடியாதும்மா. அதுக்குத்தானே அத கண்டுபிடிச்சிருக்கான்." அவன் ஷூவைத் தேடிப் போனான். "சே, நீ பயப்படாதே. நாள எண்ணுவார், ஆனா நட்சத்திரம்னு அவருக்குத் தோணாது. அவர் என்னிக்கு நாள் நட்சத்திரம் பாத்திருக்கார்?"

அதுவும் உண்மைதான். ஸ்ராத்தத் திதியைக்கூட அவள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். இருந்தாலும், மாம்பலத்திலிருந்து அவள் தம்பி ராகவேந்திரன் வருஷா வருஷம் அனுப்பும் தினசரி காலண்டரை மூன்று நாள் முன்பே ஹாலிலிருந்து எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஆணி ஆடுகிறது என்று காரணமும் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

அஷ்வத் போன பிறகு விளக்கேற்றி, சகஸ்ரநாமம் சொல்ல உட்கார்ந்தாள். ஒரு கண் அம்பாள் மேல், இன்னொரு கண் சாப்பாட்டு மேஜை மேல். பொத்தான் தட்டும் சத்தம், "ம்", பொத்தான் தட்டும் சத்தம், "ம்". எழுநூறாவது நாமத்தில் எண்ணிக்கை தவறிப் பழையபடி ஐநூற்றுக்குப் போய்விட்டாள்.

பத்தரை மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. வாழையிலை வாங்குகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கீழ் வீட்டு வங்காளி மாமியான மாஷிமா ஜன்னலிலிருந்து, இந்தத் தண்ணீரில் எங்கே போகிறாய் என்று கேட்டாள். பூஜை என்பதை அவள் பாஷையில் பூஜோ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள்.

லேக் மார்க்கெட்டில் இலைக்காரனின் கடைக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு மேக்னாவைக் கூப்பிட்டாள். விஷயம் இரண்டு வாக்கியம்தான். அப்பா மோப்பம் பிடித்துவிட்டார், அடுத்த அனுஷத்துக்கு அனுப்பாதே. மணி போயிற்று, எடுக்கவில்லை. அங்கே காலை ஏழரை கூட ஆகியிருக்காது. செய்தி அனுப்பலாமென்று திறந்தால், புதன்கிழமை அனுப்பிய செய்தியே இன்னும் படிக்கப்படாமல் கிடந்தது. சனிக்கிழமை பேசியபோதும் இரண்டு நிமிஷம்தான், வேலை தலைக்கு மேல் என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு அம்மாவின் செய்தி படிக்க எங்கே நேரம் என்று பத்மஜா கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டால் பயம் கொஞ்சம் குறைகிறது.

இலைக்காரன் நாலு இலை அதிகமாகச் சுருட்டிக் கொடுத்தான். அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள். மேஜையில் நோட்டுக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் இருந்தது. பூஜை அலமாரியின் மேல் தட்டிலிருந்து எடுத்திருக்கிறார். போன வருஷத்துப் பஞ்சாங்கமும் அதன் கீழே இருந்தது. காலண்டரை ஒளித்தவளுக்கு இவற்றை ஒளிக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

"இலை கிடைச்சதா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"கிடைச்சது."

"ம்."

சாப்பாட்டில் அவர் எதையும் குறை சொல்லவில்லை. சேப்பங்கிழங்கில் உப்பு கூடியிருந்தது, அவளுக்கே தெரிந்தது. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். பாயசத்துக்கு வரும்போது கேட்டார்.

"ஊசி என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்கு."

"இன்ஷூரன்ஸ் பேப்பர் யார் பாக்கறா?"

"அஷ்வத்."

"எந்தக் கம்பெனி?"

"எனக்கு என்ன தெரியும்? அவனைத்தான் கேக்கணும்."

"ம்," என்று இலையை மடித்தார். எழுந்து கை கழுவப் போனவர் பாதி வழியில் மேஜைக்குத் திரும்பி, ஈரக்கையோடு ஒரு பொத்தானைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனை வெறியோடு ஒரு மனுஷர் தன் சொந்தப் பிள்ளையைப் பிடிக்க வேண்டுமா என்று பத்மஜாவுக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷர், இத்தனை கல்நெஞ்சக்காரரா? பாத்திரங்கள் ஒரு கால் மணி நேரம் நன்றாகவே பேசின.

மூன்றரை மணிக்குக் காபி கொண்டுபோய் வைத்தாள். திரும்புவதற்குள் கூப்பிட்டார்.

"பத்மா. இப்படி உக்காரு."

உட்கார்ந்தாள். நோட்டை அவள் பக்கம் திருப்பினார். அழகான கையெழுத்து. முதல் வரிசையில் தேதி. இரண்டாவதில் இடைவெளி: இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தேழு. மூன்றாவதில் தொகை, எல்லாம் நூற்றைம்பத்தொன்று. நான்காவது வரிசையில் மேலிருந்து கீழ் வரை ஒரே வார்த்தை. அனுஷம், அனுஷம், அனுஷம். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பச்சை டிக்.

"இது யார் நட்சத்திரம்?"

அவளுக்கு மூன்று பொய் தோன்றின. மூன்றும் ஒன்றைவிட ஒன்று மோசமாக இருந்தன.

"உங்க நட்சத்திரம்."

"யார் அனுப்பறா?"

"மேக்னா," என்றாள்.

அந்தப் பெயரை அந்த ஹாலில் அவரிடம் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது.  அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"எல்லாம் என் தப்பு. அவாளத் திட்டாதேங்கோ. நான்தான் கேட்டேன், நான்தான் நாளும் சொன்னேன். என்னை என்ன வேணா சொல்லுங்கோ, கேட்டுக்கறேன். இந்தச் செவ்வாய்க்கிழமை ஊசிய மட்டும் நிறுத்திடாதேங்கோ. உங்க ரோஷத்துக்காக உங்க கண்ணைக் குடுக்க என்னால முடியாது."

அவர் காபியை ஒரு வாய் குடித்தார்.

"சனிக்கிழமையே தெரியும்," என்றார்.

"என்னது?"

"நாலு தேதி பாத்தவுடனே தெரிஞ்சுது. இருபத்தேழு நாளைக்கு ஒருதரம் வரது என்ன இருக்கு, இந்த லோகத்துல? நான் நாள் நட்சத்திரம் பாக்கறதில்லைதான். நீ பாக்கறது என் காதுல விழாதா? ஒவ்வொரு அனுஷத்தன்னிக்கும் பாயசம் வெக்கற." லேசாகச் சிரித்தார் போலிருந்தது. "அந்த அசடு பொய் சொல்லி வரியும் கட்டப் பாக்கறான். கூடப்பொறந்தவ குடுத்தா வரியே கிடையாது. கிளையண்டாம்."

பத்மஜாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திட்டப்போகிறாரா, இல்லையா?

"அப்போ ஆறு நாளா எதைப் பாத்துண்டிருக்கேள்? தெரிஞ்சப்பறமும் எங்களைப் பதற வெச்சுண்டு?"

 அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டித் தலைப்பில் துடைத்தார்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், பத்மா. ஆடிட்ல, கேட்ட ஃபைலத்தான் பாக்கணும். பக்கத்து ஃபைலப் பிரிக்கப்படாது. பிரிச்சுட்டேன்."

"புரியல."

"அனுப்பினவ விலாசம் நீலமா இருக்கு. அதத் தொட்டா, அவ யார் யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கான்னு மொத்தமும் வந்துடறது. முப்பத்தாறு வருஷத்துல இப்படி ஒரு லெட்ஜர் நான் பாத்ததில்லை. நடுவுல ஒரு தாளக் கிழிக்க முடியாது, ஒரு எண்ணைத் திருத்த முடியாது. அதே சமயம் ஒருத்தர் வீட்டுக் கதவத் தட்டாம உள்ள போன மாதிரியும் இருக்கு. பாக்கப்படாதுன்னு தெரியும். பாத்தேன்."

நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் தேதிகள், அங்கேயும் இருபத்தேழு, இருபத்தெட்டு. தொகை வேறு. நட்சத்திரமும் வேறு. ரோகிணி, ரோகிணி, ரோகிணி. மொத்தம் எட்டு வரி.

"நம்மாத்துல யாருக்கு ரோகிணி?" என்றார்.

பத்மஜா யோசித்தாள். "எனக்குப் புனர்பூசம். அஷ்வத் சித்திரை. மேக்னா ரேவதி. யாருக்கும் இல்லையே."

"அந்தப் பையன்?"

"அவா நட்சத்திரம் எங்க பாக்கறா? அவன் பிறந்த நாள் மே மாசம்னு மட்டும் தெரியும்."

"இவ ஒரு விலாசத்துக்கு ஒவ்வொரு ரோகிணிக்கும் நூத்தொண்ணு போடறா. போட்டது போட்டபடி இருக்கு, அங்கேர்ந்து ஒரு பைசா வெளில போகல. யாரோ பேருக்கு சேத்து வெக்கறா." பென்சிலால் முதல் வரியைக் காட்டினார். "முதல் தடவை மட்டும் ஆயிரத்தொண்ணு. டிசம்பர் பதினாலு. அதுக்கு முன்னாடி அந்த விலாசமே கிடையாது."

டிசம்பர் பதினாலு. போன வருஷம் திருக்கார்த்திகைக்கு மறுநாள். பத்மஜாவுக்கு அந்த வாரம் நன்றாக ஞாபகம் இருந்தது. பொரி உருண்டை பண்ணிவிட்டு மேக்னாவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மூன்று நாள் எடுக்கவில்லை. அப்புறம் பேசியபோது நெட் இல்லை என்றாள். குரல் களைத்திருந்தது, குளிர் என்றாள். அதற்கு முன்னால் நாலைந்து மாதம் வீடியோவில் முகம் மட்டும்தான் தெரியும். போனைக் கழுத்துக்குக் கீழே இறக்கவே மாட்டாள். கன்னம் பூசினாற்போல் இருக்கிறதே என்று இவள் கேட்டதற்கு, அங்கே சீஸ் அதிகம் என்று சிரித்தாள்.

அவள் மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"ஏழு மாசம்," என்றாள். "ஏழு மாசக் குழந்தை. எங்கிட்ட சொல்லல. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒரு பத்திய லேகியம் கிளறிக் குடுக்கல நான்."

அவளுக்கு வலித்தது. இத்தனை நாளும் இந்த வீட்டில் ரகசியம் வைத்திருப்பவள் தான்தான் என்று ஒரு பெருமைகூட அவளுக்கு உண்டு. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் பாலம் மாதிரி இருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அவளுக்கும் ஒரு திரை போட்டிருந்திருக்கிறார்கள்.

"உங்கிட்ட சொன்னா நீ எங்கிட்ட மறைக்கணும்," என்றார் அனந்தகிருஷ்ணன். "ஊசிய மறைச்சதுக்கே ஒரு வாரமா ஊருக்கே சமைக்கற. பேரக்குழந்தைய மறைச்சுண்டு எப்படி இருப்ப? அந்தப் பாரம் உனக்கு வேணாம்னு நினைச்சிருப்பா. நீ வருத்தப்பட வேண்டியதில்லை. சொல்ல முடியாதபடி பண்ணினவன் நான்தான்."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், ஒரு கணக்கில் வித்தியாசம் எங்கே என்று சொல்வதுபோல. நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. பத்மஜா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ ஊசி?"

"போறேன். கண்ணு வேண்டியிருக்கே இப்போ."

அவளுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. இத்தனை நாள் சுமந்தது இறங்கிவிட்டது என்று நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் அந்தத் தளர்ச்சி இல்லை. மறுபடியும் லேப்டாப்பை இழுத்து அதே பொத்தானைத் தட்டினார், திரையைப் பார்த்தார்.

"இன்னும் என்ன பாக்கறேள்?"

"இத எண்ணிப் பாரு." ரோகிணிப் பக்கத்தைக் காட்டினார். "ஜனவரியிலேர்ந்து ஜூன் வரைக்கும் ஏழு தடவை. ஒருநாள்கூட முன்னப்பின்ன ஆகல. காலைல அவா ஊர் எட்டு மணிக்குள்ள போட்டுடுவா. இந்த மாசம் ரோகிணி திங்கக்கிழமை."

"ம்?"

"திங்கக்கிழமை பூரா பாத்தேன். வரல. மறந்திருப்பா, நாளைக்குப் போடுவான்னு செவ்வாய்க்கிழமை பாத்தேன். புதன், வியாழன். இன்னிக்குக் காலைலேர்ந்து நாப்பது தடவை பாத்திருப்பேன். பஞ்சாங்கத்துல நாள் தப்பா போட்டிருக்கானோன்னு அதையும் எடுத்துப் பாத்தாச்சு."

பத்மஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வாரம் முழுக்க அவர் யாரையும் பிடிக்க உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு நூற்றொரு டாலர் வந்து விழாதா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"புதன்கிழமை அனுப்பின மெசேஜ அவ இன்னும் படிக்கல," என்றாள் மெதுவாக. "காலைல கூப்பிட்டேன். எடுக்கல."

 மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று.

"அந்தப் பையன் நம்பர் இருக்கா?"

இருந்தது. நாலு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் கூப்பிட்டதில்லை. அவசரத்துக்கு என்று மேக்னா கொடுத்தது. அவர் கண்ணில் படக்கூடாதென்று "பெஹாலா டெய்லர்" என்று போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்தபோது அவர் அந்தப் பெயரைப் படித்தார்.

"ஸ்பீக்கர்ல போடு," என்றார்.

ஆறாவது மணியில் எடுத்தார்கள்.

"ஆன்ட்டி?" பிரிட்டோவின் குரல். தூங்கி எத்தனையோ நாளான குரல். அவனுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி மாதிரி ஒரு நீளமான தாழ்வாரத்தின் ஓசை. யாரோ புரியாத பாஷையில் ஒலிபெருக்கியில் எதையோ அறிவித்தார்கள். 

அனந்தகிருஷ்ணன் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"பிரிட்டோ, நான் மேக்னா அப்பா பேசறேன்."

 லைன் போய்விட்டதோ என்று பத்மஜா திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"குழந்தை எப்படி இருக்கு?"

"அங்கிள்..." அவன் குரல் உடைந்தது. "உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலப்பா," என்றார் அனந்தகிருஷ்ணன். "குழந்தை எப்படி இருக்கு, அத முதல்ல சொல்லு."